உள்ளே 1848 என்று இருக்கிறதா? முதலில் அடியைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: குடும்பத்துப் பழைய சாமான்களோடு ஒரு கண்ணாடி பேப்பர்வெயிட் வந்திருக்கிறது, உள்ளே குட்டிக் குட்டிப் பூக்கள் வட்டம் வட்டமாக அடுக்கியிருக்கின்றன, ஒரு ஓரத்தில் 1848 என்ற எண் தெரிகிறது. இது உண்மையிலேயே அந்தக் காலத்துப் பொருளா, யார் செய்தது, எப்படித் தெரிந்துகொள்வது?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பேப்பர்வெயிட்டில் ஆண்டு எண் இருப்பது நல்ல விஷயம்தான், ஆனால் அதைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். அடிப்பாகம், எடை, கண்ணாடியின் நிறம், பக்கவாட்டு வடிவம், உள்ளே இருக்கும் பூத்துண்டுகளின் நேர்த்தி, இவை எல்லாம் ஒரே கதையைச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. இவற்றில் இரண்டு விஷயம் ஒத்துவராவிட்டால் எண் என்ன சொன்னாலும் நம்பக்கூடாது.

1848 என்ற எண்ணில் ஏன் இவ்வளவு குழப்பம் என்று புரிய, கொஞ்சம் பின்கதை வேண்டும். உள்ளே பூவேலை வைத்த இந்த வகை பேப்பர்வெயிட்டுகள் 1840களின் நடுவில்தான் ஐரோப்பாவில் வருகின்றன. 1845இல் வியன்னாவில் நடந்த தொழில் கண்காட்சியில் வெனிஸைச் சேர்ந்த பியெத்ரோ பிகாலியா தன் பேப்பர்வெயிட்டுகளை வைத்தார். அதைப் பார்த்த பிரெஞ்சுப் பேராசிரியர் யூஜின் பெலிகோ, ஊர் திரும்பிப் பாரிஸ் வர்த்தகச் சபைக்கு அறிக்கை கொடுத்தார். அந்த ஆண்டே பிரான்ஸின் செயின்ட் லூயி தொழிற்சாலை தேதியிட்ட பேப்பர்வெயிட்டைச் செய்துவிட்டது. அடுத்த ஆண்டு இன்னொரு பிரெஞ்சுத் தொழிற்சாலையான பக்கராவும் தேதியிட ஆரம்பித்தது, பாரிஸை ஒட்டிய கிளிஷி தொழிற்சாலையும் களத்தில் இறங்கியது. காகிதமும் தபாலும் மலிவாகி, எல்லோரும் கடிதம் எழுத ஆரம்பித்திருந்த காலம் அது. எழுதுபொருள் கடையில் மைக்கூடு, பேனாக்கத்தியோடு இதுவும் விற்றது. ஏறக்குறைய 1845 முதல் 1860 வரையிலான இந்தக் காலத்தைத்தான் சேகரிப்பவர்கள் 'கிளாசிக்' காலம் என்கிறார்கள். அப்புறம் மோகம் குறைந்துவிட்டது.

அதாவது உச்சகாலம் மிகவும் குறுகியது. ஆனால் அந்தப் பாணியைப் பார்த்துச் செய்தவர்கள் இன்றுவரை இருக்கிறார்கள். கைக்கு வரும் பத்தில் ஒன்பது பின்னாளில் செய்ததாக இருக்கும் என்ற எண்ணத்தோடு ஆரம்பிப்பதுதான் சரி.

இப்போது கவிழ்த்து அடியைப் பாருங்கள். பேப்பர்வெயிட்டைச் செய்யும்போது அதன் அடியை ஓர் இரும்புக் கம்பி பிடித்திருக்கும். கம்பியை உடைத்து எடுத்த இடத்தில் ஒரு தழும்பு விழும். பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தழும்பைத் தேய்த்து எடுத்து, அடியை லேசாக உட்குழிவாகக் கடைந்து மெருகேற்றிவிடுவார்கள். அதனால் மேசையைத் தொடுவது சுற்றியுள்ள மெல்லிய வளையம் மட்டும்தான். பக்கராவின் பூ பேப்பர்வெயிட்டுகளில் பெரும்பாலும் அடியில் நட்சத்திரம் வெட்டியிருக்கும்.

அந்த வளையத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நூற்றைம்பது வருடம் மேசையில் இழுபட்ட கண்ணாடி என்றால் வளையம் முழுக்க நுண்ணிய கீறல்கள் இருக்கும். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம், ஒவ்வொன்றும் ஒரு திசை. பழைய கீறல்களில் அழுக்கு ஏறி மங்கியிருக்கும், அவற்றின் மேலேயே புதிய கீறல்கள் பளிச்சென்று ஓடும். உட்குழிந்த நடுப்பகுதி மட்டும் சுத்தமாக இருக்கும், ஏனென்றால் அது எதையும் தொட்டதே இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து 'வயதாக்கிய' பொருளில் கோடுகள் ஒரே திசையில், ஒரே ஆழத்தில், பக்கம் பக்கமாக ஓடும். சில சமயம் குழிந்த நடுவிலும் கீறல் இருக்கும். மேசை தொடவே முடியாத இடத்தில் தேய்மானம் எப்படி வந்தது? அதற்குப் பதில் இல்லை என்றால் அந்தப் பொருளைக் கீழே வைத்துவிடலாம்.

ஒன்று மட்டும் கவனம். தேய்மானமே இல்லை என்பதற்காகப் புதிது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அலமாரியிலேயே இருந்தவையும் உண்டு, பின்னாளில் அடியை மறுபடி மெருகேற்றியவையும் உண்டு. மெருகேற்றிய பொருளைக் கண்டுபிடிக்க மேல் வளைவைப் பாருங்கள். அடிபட்ட இடங்களைத் தேய்த்து எடுத்திருந்தால் வளைவு தட்டையாகி, பூக்கள் மேற்பரப்புக்கு மிக அருகில் வந்து நிற்கும், அல்லது வடிவம் ஒரு பக்கம் சாய்ந்தது போல் தெரியும். பொருள் பழையதுதான், ஆனால் குறைந்துபோன பொருள்.

அடுத்து எடை. இதில் ஒரு எளிய சோதனை இருக்கிறது, செலவே இல்லை, ஆனால் நிறையப் பேர் செய்வதில்லை. பக்கராவும் செயின்ட் லூயியும் ஈயம் கலந்த கண்ணாடியில் செய்தார்கள், அதன் அடர்த்தி 3ஐ ஒட்டி, பெரும்பாலும் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். சாதாரண சோடாக் கண்ணாடி 2.5 அளவில் இருக்கும். முதலில் டிஜிட்டல் தராசில் பேப்பர்வெயிட்டை அப்படியே எடை போடுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பாத்திரத்தோடு தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பேப்பர்வெயிட்டை மெல்லிய வலைப்பையில் போட்டு நூலில் கட்டி, தண்ணீரில் முழுக்க முங்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி தூக்கிப் பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் அதன் கன அளவு. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 630 கிராம் பொருள், தண்ணீரில் 205 காட்டினால் 3.07, ஈயக் கண்ணாடி. அதே 630 தண்ணீரில் 252 காட்டினால் 2.5, சோடாக் கண்ணாடி. 1.2 பக்கம் வந்தால் அது கண்ணாடியே இல்லை, அக்ரிலிக். தண்ணீர் அறை வெப்பத்தில் இருக்கட்டும். சுடுநீரும் வேண்டாம், ஐஸ் தண்ணீரும் வேண்டாம், கனமான பழைய கண்ணாடி திடீர் வெப்ப மாற்றத்தில் விரிசல் விட்டுவிடும்.

இந்தச் சோதனை எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2.5 வந்தால் அது பக்கராவோ செயின்ட் லூயியோ அல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் 3.1 வந்தால் பழையது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் 1950களுக்குப் பிறகு அதே தொழிற்சாலைகள் செய்தவையும் ஈயக் கண்ணாடிதான். கிளிஷி இன்னொரு விதிவிலக்கு. அவர்கள் கண்ணாடி மற்ற இரண்டையும்விடப் பொதுவாக லேசானது, அதனால் எடை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கிளிஷியை ஒதுக்கிவிடக்கூடாது.

புறஊதா விளக்கை வைத்து எந்தத் தொழிற்சாலை செய்தது என்று சொல்லிவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். நான் அதை அவ்வளவு நம்புவதில்லை. ஈயக் கண்ணாடி குறுகிய அலை விளக்கில் நீலம் காட்டும், மாங்கனீஸ் கலந்தது பச்சை காட்டும், இது சரி. ஆனால் ஒரே தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கலவைக்கும் கொஞ்சம் மாறும். உறுதியாகத் தெரிந்த ஒரு பழைய பொருளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பயன் உண்டு, தனியாகப் பார்த்தால் ஊகம்தான். குறுகிய அலை விளக்கு கண்ணைக் கெடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, இப்போது உள்ளே போகலாம், விஷயமே இங்கேதான் இருக்கிறது. அந்தக் குட்டிப் பூ ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடிக் குச்சியின் குறுக்கு வெட்டு. பல நிறக் கண்ணாடியை அச்சில் அடுக்கடுக்காக ஏற்றி, சூடாக இருக்கும்போதே இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து எதிரெதிராக நடந்தால் அது பென்சில் கனத்துக்கு நீளும். எவ்வளவு மெலிந்தாலும் உள்ளே இருக்கும் வடிவம் மாறாது. அதைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, தட்டில் அடுக்கி, உருகிய கண்ணாடியில் ஒட்டி எடுத்து மேலே மூடுவார்கள். ஒரு தொழிற்சாலையின் அச்சுகளும் நிறங்களும் இன்னொன்றில் அப்படியே இருக்காது. அதனால் குச்சிதான் கைரேகை, மொத்த வடிவமைப்பு அல்ல. வட்டம் வட்டமாக அடுக்குவதை யாரும் செய்யலாம்.

பக்கராவின் குச்சிகளில் அம்பு முனை, நட்சத்திரம், மூன்றிலைச் செடி, தேன்கூடு எல்லாம் கூர்மையாக, கோடு கலையாமல் இருக்கும். சேவல், நாய், யானை, குரங்கு என்று நிழலுருவக் குச்சிகளும் உண்டு. செயின்ட் லூயியில் பல்சக்கரம் மாதிரிக் குச்சிகள், நடனமாடும் உருவங்கள், குட்டிச் சாத்தான், ஒட்டகம் எல்லாம் வரும், நிறங்கள் சற்று மென்மை. பக்கவாட்டில் பார்த்தால் செயின்ட் லூயி பொதுவாக மூன்றிலும் உயரமான வளைவு கொண்டது, பக்கரா தாழ்வு, கிளிஷி உருண்டை. கிளிஷியின் குச்சிகளில் சில, பக்கவாட்டில் பார்க்கும்போது கீழே போகப் போகப் பாவாடை மாதிரி விரியும். அவர்களுக்கே பேர் வாங்கிக் கொடுத்தது ரோஜாக் குச்சி: இதழ்களைச் சுருட்டி வைத்த மாதிரி, மேலிருந்து பார்த்தால் மலர்ந்த ரோஜா, பெரும்பாலும் இளஞ்சிவப்பு. ஆனால் ரோஜா இருந்தாலே கிளிஷி என்று விற்பவர்கள் சொல்வதை ஏற்காதீர்கள், மற்ற தொழிற்சாலைகளும் ரோஜா செய்திருக்கின்றன. கிளிஷி ஆண்டு எண் போடும் வழக்கம் வைத்துக்கொள்ளவில்லை. சிலவற்றில் சி என்ற எழுத்து மட்டும் இருக்கும். எனவே 'தேதியிட்ட கிளிஷி' என்று யாராவது சொன்னாலே எச்சரிக்கையாகிவிடுங்கள்.

குச்சியின் நேர்த்தியை லென்ஸில் பார்த்துப் பழகினால் கண் தானாகவே பிரிக்கும். நல்ல பழைய பிரெஞ்சு வேலையில் ஒரு மில்லிமீட்டர் நட்சத்திரத்துக்குக்கூட ஆறு முனையும் எண்ணலாம். வெனிஸை ஒட்டிய முரானோ தீவின் பின்னாளைய வேலையில் குச்சிகள் பெரிசு, நிறம் பளீர், பூக்களின் விளிம்பு ஒன்றோடொன்று கசிந்திருக்கும், இடையில் காற்றுக் குமிழ் நிற்கும். 1950களிலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்காக அங்கே ஏராளமாகச் செய்தார்கள், அதில் பெரும்பாலானவற்றின் காகித லேபிள் கழன்று போயிருக்கும். சீனாவில் 1930களில் பழைய பிரெஞ்சு மாதிரிகளைப் பார்த்துச் செய்தவை இன்னொரு வகை. கண்ணாடியில் பச்சையோ மஞ்சளோ சாயல் இருக்கும், வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் உடனே தெரியும். கையில் எடுத்தால் அளவுக்கு எடை இருக்காது, தொட்டால் ஒரு வழுவழுப்பு. அவையும் இப்போது தொண்ணூறு வருடத்துப் பொருள்தான், அடியில் நிஜத் தேய்மானம் இருக்கும், அதனால்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

குமிழ் இருந்தால் பழையது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. தவறு. 1850இன் நல்ல பட்டறைகள் குமிழ் வராமல் இருக்கத்தான் பாடுபட்டன.

இப்போது உங்கள் 1848க்கு வருவோம். உண்மையான பக்கரா என்றால் 1846 முதல் 1849 வரையிலான எண்கள்தான் சாதாரணமாக வரும், 1847உம் 1848உம் அதிகம், 1849 அரிது. ஒவ்வோர் இலக்கமும் தனித்தனிக் குச்சி, வெள்ளையில் சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மாறும், பெரும்பாலும் மேலே பி (B) என்ற எழுத்து இருக்கும். விதிவிலக்காக 1853 என்று போட்ட ஒன்று பக்கரா ஊர்த் தேவாலயத்தின் அடிக்கல்லில் கிடைத்தது, போரில் இடிந்த கட்டடத்தைத் தோண்டும்போது. செயின்ட் லூயி 1845 முதல் 1849 வரை, எஸ்எல் என்ற எழுத்துகளோடு. இவற்றில் எண் பொதுவாகப் பூக்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்களுடையது வட்ட வட்டமான அடுக்கு, 1848 ஓர் ஓரத்தில் பளிச்சென்று தெரிகிறது என்கிறீர்கள். இந்த விவரிப்பைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரான்ஸ் அல்ல, இங்கிலாந்து. வட்ட அடுக்கில் பெரிய குச்சிகள், 1848 என்ற எண், பேப்பர்வெயிட்டாகவும் மைக்கூடாகவும் ஏகப்பட்டவை சுற்றுகின்றன. மைக்கூட்டில் அடியிலும் மூடியிலும் அதே எண் இருக்கும். பல வருடங்களாக இவற்றை லண்டனின் ஒயிட்ஃபிரையர்ஸ் கண்ணாடித் தொழிற்சாலை 1848இல் செய்தது என்றே ஏலப் பட்டியல்களில் போட்டு விற்றார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பெரும்பாலும் இவை 20ஆம் நூற்றாண்டில் பர்மிங்காமில் செய்தவை என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். பொருள் அழகானதுதான், சேகரிக்கத் தகுந்ததுதான், ஆனால் 1848 அல்ல. 1850ஐ ஒட்டிய உண்மையான ஆங்கில வேலை வேண்டுமென்றால் பர்மிங்காமின் ஜார்ஜ் பேக்கஸ் தொழிற்சாலையைத் தேட வேண்டும், அவை எண்ணிக்கையில் குறைவு.

பூத்துண்டு இல்லாத வகைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். உள்ளே ஒரே ஒரு பெரிய பூ, தண்டு, இலையோடு இருந்தால் அது சுடரில் கண்ணாடிக் கம்பியை உருக்கி வடித்தது. பக்கராவின் பான்சிப் பூ இதில் மிகவும் பரவலானது, மேலே இரண்டு பெரிய ஊதா இதழ், கீழே மஞ்சள் சார்ந்த சிறிய இதழ்கள். பிரான்ஸின் செயின்ட் லூயியில் தொழில் கற்ற நிக்கோலஸ் லுட்ஸ், அமெரிக்காவின் சாண்ட்விச் தொழிற்சாலையில் 1870 வாக்கில் சேர்ந்து பூ பேப்பர்வெயிட்டுகள் செய்தார், எனவே அந்த வகைக்குப் பிரெஞ்சுத் தேதியைக் கொடுத்துவிடக்கூடாது. அடியில் பீடம் வைத்த பேப்பர்வெயிட்டில் ரோஜா நிமிர்ந்து நின்றால் அது நியூ ஜெர்சியின் மில்வில் பாணி, ரால்ஃப் பார்பர் 1905 தொடங்கிச் சில வருடங்கள் செய்து பேர் வாங்கியது. உள்ளே வெள்ளிப் பளபளப்போடு தலைவர்களின் முகம் தெரிந்தால் அது பீங்கான் வகைக் களிமண்ணில் செய்து கண்ணாடிக்குள் புதைத்தது. இங்கிலாந்தில் ஆப்ஸ்லி பெலட் இதற்கு 1819இல் காப்புரிமை வாங்கினார், ஆனால் 1953இல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்காகச் செய்தவையும் இதே முறைதான், முகம் யாருடையது என்பதே முதல் துப்பு. யார்க்‌ஷயரின் பச்சை பாட்டில் கண்ணாடிக் கட்டிகள், உள்ளே குமிழ்ப் பூவோடு, அடி கரடுமுரடாக இருக்கும். அடியில் கில்னர் என்ற முத்திரையும் வேக்ஃபீல்டு என்ற ஊர்ப்பெயரும் அழுத்தியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், ஆளும் தெரியும் ஊரும் தெரியும்.

20ஆம் நூற்றாண்டின் நல்ல வேலைகளை மட்டம் என்று நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் 1930களிலிருந்து பால் ஈசார்ட் செய்தவை, அவர் பெயரின் முதலெழுத்துகளான பிஒய் (PY) குச்சியோடு, எனக்கு மிகவும் பிடித்தவை. 1968இல் தொடங்கிய பெர்த்‌ஷயர் பேப்பர்வெயிட்ஸின் சில துண்டுகள் பழைய பிரெஞ்சு வேலையோடு போட்டி போடும். பக்கரா 1950களில் மறுபடி ஆரம்பித்தபோது அடியில் அமிலத்தால் ஒரு வட்ட முத்திரை பொறித்தது, குடுவை, கோப்பை, டம்ளர் படத்தோடு. வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அது இருந்தால் உள்ளே என்ன எண் இருந்தாலும் விடை கிடைத்துவிட்டது. முத்திரையைத் தேய்த்து அழித்த பொருட்களும் சந்தையில் வருகின்றன, அதனால் அடியில் நடுவில் மட்டும் ஓர் இடம் வேறு மாதிரி மினுக்கினால் சந்தேகப்படுங்கள்.

உங்கள் பொருளை இன்னும் உறுதியாகச் சொல்ல எனக்கு வேண்டியவை: நேர் பக்கவாட்டில் கண் மட்டத்தில் எடுத்த ஒரு படம், வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து. அடியின் படம், வெளிச்சம் சாய்வாக விழும்படி. எண்ணும் அதைச் சுற்றியுள்ள குச்சிகளும் தெரியும்படி மிக அருகில் இரண்டு மூன்று படங்கள். விட்டம், எடை, தண்ணீரில் காட்டிய எடை. எண்ணுக்கு மேலே ஏதாவது எழுத்து இருக்கிறதா, எண்ணின் இலக்கங்கள் தனித்தனிக் குச்சியா என்பதையும் லென்ஸில் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை எதையும் ஊற்றிக் கழுவ வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும். அடியில் பழைய லேபிளின் மிச்சமோ பசையோ இருந்தால் அதையும் சுரண்ட வேண்டாம். சன்னலோரம் வெயில் படும் இடத்திலும் வைக்காதீர்கள், இந்த வளைவு வெயிலை ஒரே புள்ளியில் குவிக்கும், பக்கத்தில் காகிதம் இருந்தால் தீப்பற்றும்.